நிறம் ஏற ஐந்து நாள்

அசையாதீர்கள் சார். இடது தோளில் இருக்கிறது. தட்ட வேண்டாம், தட்டினால் இறக்கை நசுங்கிவிடும். அப்படியே இருங்கள், ஒரு நிமிடம். ம். போய்விட்டது. கண்ணாடிக்குப் போய்விட்டது. பரவாயில்லை, அங்கே வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

மன்னிக்க வேண்டும். அறிமுகம் இல்லாதவர் தோளில் கை வைத்துவிட்டேன். பழக்கம். குட்டிக் குளவி என்று நினைத்திருப்பீர்கள். அது பழ ஈ. பின் சீட்டில் அந்த அம்மா கொய்யாக் கூடை வைத்திருக்கிறார் அல்லவா, அதிலிருந்து வந்திருக்கும். இறக்கை நுனியைப் பாருங்கள். ஒரு சின்னப் பொட்டு தெரிகிறதா? ஓரம் முழுக்கக் கறுப்புக் கோடு ஓடினால் அது வேறு ஈ, மாம்பழத்தில் வருவது, ஊரெல்லாம் இருப்பது. கோடு பாதியில் நின்றுபோய், நுனியில் மட்டும் பொட்டு இருந்தால் நம் பக்கத்தில் இரண்டு பேரில் ஒருவர். ஒன்று கொய்யா ஈ. இன்னொன்று பீச் ஈ. நம் பக்கத்தில் பீச் பழத்தை யார் பார்த்தார்கள், இருந்தாலும் பெயர் அப்படி வந்துவிட்டது.

இந்த இரண்டையும் இறக்கையை வைத்துப் பிரிக்க முடியாது. முதுகைப் பார்க்க வேண்டும். கொய்யா ஈக்கு முதுகு கறுப்பு. பீச் ஈக்குச் செம்பழுப்பு, வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறம். அப்புறம் முகம். பீச் ஈயின் முகத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி இருக்கும், உருண்டையாக, தனித்தனியாக. கொய்யா ஈக்கு அதே இரண்டு புள்ளியைக் குறுக்கே இழுத்துவிட்ட மாதிரி நீண்டு, நடுவில் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு நிற்கும். மீசை மாதிரி. அவ்வளவுதான் வித்தியாசம். இருபத்தொன்பது வருடம் நான் பார்த்த வேலை அது. ஈயின் முகத்தைப் பார்ப்பது. என் மனைவியிடம் யாராவது கேட்டால் கவர்ன்மெண்ட் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

நீங்கள் எதுவரை? ஆம்பூரா. நான் வேலூர், மகள் வீட்டுக்கு. அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

பெரிய கதை ஒன்றும் இல்லை. கேட்டீர்களே என்று சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி.

என் பெயர் சம்பங்கி. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பழப்பூச்சி ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்து ரிடையர் ஆனவன். படித்தது பி.எஸ்சி. விலங்கியல், அதுவும் இரண்டாம் வகுப்பு. மேலே டாக்டர் பட்டம் வாங்கிய அறிவியலர்கள் வருவார்கள், மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். நான் அங்கேயே இருந்தேன். அதனால் கண் என்னுடையது, கையெழுத்து அவர்களுடையது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களே சொல்வார்கள். சம்பங்கி பார்த்துவிட்டாரா, அப்போது சரி என்பார்கள். புதிதாக வருகிறவர்களிடம் போகிறவர்கள் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

ஏழு வருடத்துக்கு முந்தைய பருவம். ஏரிக்கொல்லை என்ற ஊரில் மாந்தோப்புக்காரர்கள் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருந்தார்கள். பழத்தை மண்டியில் போடாமல் நேராக வெளிநாட்டுக்கு அனுப்புவது. தலைவர் தீர்த்தகிரி என்று ஒருவர், பேச்சுக்காரர், யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பிடித்துக்கொள்வார். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். பதினான்காவது ஆள் மாதேவி. கணவர் போன பிறகு நான்கு ஏக்கரையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர். அவரைச் சேர்த்துக்கொள்ள முதலில் இவர்களுக்கு மனம் இல்லை. அந்த அம்மாவின் வடக்கு வரிசையில் ஏழு செந்தூரா மாமரம். அந்தப் பழம் மாதிரி ஊரிலேயே கிடையாது. மாதிரிப் பெட்டிக்கு அது வேண்டும் என்பதற்காகச் சேர்த்தார்கள் என்று தீர்த்தகிரியே ஒரு நாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அட்டைப்பெட்டியில் தோட்டக்காரர் பெயர் அச்சடிப்பார்கள். அந்த அம்மாவுக்கு அதுதான் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன். முதல் தடவை பழம் கொண்டுவந்தபோது என்னிடம் கேட்டார், பேருக்கு முன்னாடி வீட்டுக்காரர் இனிஷியல் போடணுமா, எங்கப்பா இனிஷியல் போடணுமா, ரெண்டும் இல்லாம மாதேவின்னு மட்டும் போட்டா ஒத்துக்குவாங்களா என்று. எனக்கு அதெல்லாம் தெரியாது என்றேன். பெட்டியில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வாங்குகிறவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மற்ற ஈக்கள் இருந்தால் பழத்தை வெந்நீரில் போட்டு எடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம். பீச் ஈ மட்டும் இந்தத் தோட்டங்களில் இருக்கவே கூடாது. அவர்கள் ஊரில் அது இல்லை, உள்ளே விடக் கூடாது என்று பயம். நியாயம்தான்.

அதனால் பதினான்கு தோட்டத்திலிருந்தும் பழம் வாங்கிவந்து, மணல் பரப்பிய பெட்டியில் வைத்துத் துணி கட்டி வைத்தோம். பழத்துக்குள் புழு இருந்தால் அது துள்ளிக்கொண்டு வெளியே வந்து மணலுக்குள் போய்க் கூடு கட்டும். கோதுமை மணி மாதிரி இருக்கும். எட்டு ஒன்பது நாளில் அதிலிருந்து ஈ வரும்.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதைக் கவனியுங்கள். கூட்டிலிருந்து வந்த அன்றைக்கு அது ஈ மாதிரியே இருக்காது. வெளிறிப்போய், மெத்தென்று, இறக்கை கசங்கிய காகிதம் மாதிரி. இறக்கை அன்றைக்கே விரிந்துவிடும். ஆனால் நிறம் ஏறாது. பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்துக் கூண்டில் வைத்து, ஐந்து நாள் உயிரோடு காப்பாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் கறுப்பு கறுப்பாகும், பழுப்பு பழுப்பாகும், முகத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும். பிறந்த குழந்தையைப் பார்த்து இது கறுப்பா மாநிறமா என்று சொல்ல முடியுமா? அதே மாதிரிதான். ஐந்து நாள் கழித்துக் குளிரில் வைத்துக் கொன்று, அப்புறம்தான் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வாங்குகிறவர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். தீர்த்தகிரியும் குழுவில் நான்கைந்து பேரும் கூட வந்தார்கள். மாதேவி வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. அப்போது எங்களுக்கு சுபாஷிணி மேடம் என்று ஒருவர் அறிவியலர். சின்ன வயது. அதிகம் பேசமாட்டார். பெட்டிகளைக் காட்டிக்கொண்டே வந்தார். பதின்மூன்றில் இன்னும் ஒன்றும் வரவில்லை. மாதேவி பெட்டியில் மட்டும், வடக்கு வரிசைப் பழத்திலிருந்து, அன்று காலை எட்டு ஈ வந்திருந்தன. அந்த அம்மாவின் பழம் முதலில் வந்தது, அதனால் ஈயும் முதலில் வந்தது. வேறு காரணம் இல்லை.

அதிகாரி கேட்டார், இது எந்த ஈ என்று. மேடம் இன்னும் ஐந்து நாள் ஆகும் என்றார். அவருக்கு அன்று மாலை ரயில். ஐந்து நாளா என்று இழுத்தார். உடனே தீர்த்தகிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இவரு எங்க சம்பங்கி. ஈ பறக்கும்போதே பேரு சொல்லுவாரு. இவருக்கு எதுக்கு மிஷினு?"

நான் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். இருபத்துமூன்று வருட சர்வீஸில் சென்னையிலிருந்து வந்த ஒருவர் மேடத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்று ஈயை எடுத்துக் குளிர்பெட்டியில் பத்து நிமிடம் வைத்தேன். எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். முதுகு செம்பழுப்பு. முகத்தில் கோடு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எல்லாரும் சுற்றி நின்றிருந்தார்கள். பீச் ஈ என்றேன்.

மேடம் மெதுவாக, "நிறம் ஏறலையே சம்பங்கி" என்றார். அதை அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் சொன்னார். "முகம் போதும் மேடம். எனக்குப் போதும்" என்றேன். அதிகாரி குறித்துக்கொண்டார். மேடம் அவரிடம் இது இன்னும் உறுதியாகவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதினாரா என்று தெரியாது. அறிக்கையில் என் கையெழுத்து இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஈக்காக மரத்தை வெட்டச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை. நானும் சொல்லவில்லை. அதிகாரி புறப்படும்போது, ஈ வந்த வரிசையே இல்லாமல் போனால் மற்றவர்களைப் பற்றி யோசிக்கலாம் என்றாராம். தீர்த்தகிரி அன்று சாயங்காலமே கூட்டம் போட்டு, வடக்கு வரிசை ஏழு மரத்தையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். மரம் அறுக்கிற மிஷின்காரன் வியாழக்கிழமைதான் வருவேன் என்றானாம். அதனால் வியாழக்கிழமை.

சனிக்கிழமை காலை மாதேவி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மேடம் கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார், பத்து நாள். போகும்போது, மீதி ஐந்து ஈக்கும் சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள், நிறம் ஏறியதும் பார்த்து எனக்குச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மட்டும்தான் இருந்தேன். அந்த அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அங்கே யாரும் கழற்றுவதில்லை.

"சார், இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்று கூடச் சொல்ல முடியாது. மேடம் சொன்னது இன்னும் காதில் இருந்தது. முந்தின நாள் பார்த்த ஈயில் ஒன்றை வைத்து, நீங்களே பாருங்கள் என்று நுண்ணோக்கியைத் திருப்பி வைத்தேன். அவர் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியவில்லை, கையால் பொத்திக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் இரண்டு புள்ளி தெரிகிறதா என்று கேட்டேன்.

"ரெண்டும் சேந்த மாதிரி தெரியுதுங்க" என்றார்.

நான் சிரித்தேன். "பழக்கம் இல்லாதவங்களுக்கு எல்லாம் சேந்த மாதிரிதாம்மா தெரியும். நான் இருபத்துமூணு வருஷமாப் பாக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். சரிங்க என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மரங்களை அறுத்துவிட்டார்கள். ஏழும். காயோடு. மற்ற பதின்மூன்று பேருடைய பழமும் அந்தப் பருவம் கப்பல் ஏறியது. அவர்கள் பெட்டியில் வந்த ஈக்களுக்கு முறையாக ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தோம். எல்லாம் கொய்யா ஈ. மாதேவியின் மீதிப் பழம் மாம்பழக் கூழ் போடுகிற கம்பெனிக்குப் போனது. குழுவில் அவரை அப்புறம் சேர்க்கவில்லை. பிறகுதான் எனக்குத் தெரிந்தது, மாதேவி பெட்டியில் வந்ததும் கொய்யா ஈதான் என்று. எல்லார் தோட்டத்திலும் இருந்த அதே ஈ. நிறம் ஏறாமல் பார்த்ததால் வந்த தவறு. மனிதன் என்றால் தவறு நடக்கும். இதைத்தான் நான் இத்தனை வருடமும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பர்கூர் வந்துவிட்டது பாருங்கள். டீ குடிக்கிறீர்களா? இறங்கினால் பஸ் நிற்காது, அதுவும் சரி.

பிறகுதான் என்று சொன்னேன் இல்லையா. அது பிறகு இல்லை.

மீதி ஐந்து ஈக்கு நான் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். மேடம் சொன்னதற்காக இல்லை, கை தன்னால் செய்யும். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். புதன்கிழமை காலை பஞ்சை மாற்றப் போனேன். கூண்டைத் திறக்கவே வேண்டியதில்லை. வலைக்கு இந்தப் பக்கம் நின்றே தெரிந்தது. ஐந்தின் முதுகும் கறுப்பு. அட்டக் கறுப்பு. இருந்தாலும் குளிரில் வைத்தேன். நுண்ணோக்கியில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகத்தில் கோடு. பேனாவால் இழுத்த மாதிரி.

புதன்கிழமை. மரம் வெட்டுவது வியாழக்கிழமை.

மேஜையில் போன் இருந்தது. தீர்த்தகிரி நம்பர் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. ஏரிக்கொல்லைக்கு வண்டியில் போனால் நாற்பது நிமிடம். அன்று எனக்கு வேலை நிறைய இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. வேலையே இல்லை. மேடம் ஊரில் இல்லை, பியூன் மதியத்துக்கு மேல் வருவான். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். போன் செய்து என்ன சொல்வது என்று யோசித்தேன். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் தீர்த்தகிரி முதலில் சிரிப்பார். அப்புறம் அதிகாரிக்குச் சொல்வார். அப்புறம் மேடத்துக்குத் தெரியும். நிறம் ஏறலையே சம்பங்கி என்றவர். ஒரு மணி ஆயிற்று. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். மூடினேன். நாளைக் காலையில்கூடச் சொல்லலாம், மிஷின்காரன் எப்படியும் சொன்ன நேரத்துக்கு வரமாட்டான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன். பெரும்பாலும் அவர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை.

நாலு மணிக்கு ஐந்து ஈயையும் கழுவுதொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன்.

மேடம் திரும்பி வந்த அன்று முதல் கேள்வி அதுதான். அந்த அஞ்சும் என்ன ஆச்சு? எறும்பு ஏறிவிட்டது மேடம், நிறம் ஏறுவதற்கு முன்னாலேயே என்றேன். எங்கள் கூண்டு மேஜையின் நான்கு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். எறும்பு ஏற வழியே கிடையாது. மேடம் குனிந்து அந்தக் கிண்ணங்களைப் பார்த்தார். தண்ணீர் நிறைந்து இருந்தது. அப்புறம் வேறு எதையோ கேட்டார். அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டார். போகும்போது புதிதாக வந்தவரிடம், சம்பங்கி பார்த்தால் சரி என்று அவர் மட்டும் சொல்லவில்லை.

ஆறு வருடம் நான் அந்தச் சாலைப் பக்கம் போகவில்லை. ஏரிக்கொல்லையில் ஒரு கல்யாணம் வந்தது, மனைவியை மட்டும் அனுப்பினேன்.

போன மே மாதம் ரிடையர் ஆனேன். சால்வை போட்டார்கள். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு தவறு கிடையாது என்று ஒருவர் பேசினார். தீர்த்தகிரிகூட வந்திருந்தார், வயதாகிவிட்டது, இருந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சால்வையை மடிக்காமல் நாற்காலியில் போட்டேன். மனைவி ஏன் என்று கேட்டாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் காலை மாதேவி வீட்டுக்குப் போனேன்.

போய்ச் சொல்லிவிட்டேன். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

தோட்டத்துக்குள்ளேயே வீடு. முன்னால் தகரக் கொட்டகை. அதன் நிழலில் அந்த அம்மா கீழே உட்கார்ந்து, பறித்த காயில் வடிந்திருந்த பாலைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார். யாரு என்று கேட்டார். சம்பங்கி, ஆய்வுக்கூடம் என்றேன். உக்காருங்க என்று பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுக்க எழுந்தார், வேண்டாம் என்றேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

சொன்னேன் சார். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். அதிகாரி என்னைப் பார்த்ததைச் சொன்னேன். கறுப்பைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன், கழுவுதொட்டியைச் சொன்னேன். எதையும் விடவில்லை. அவர் கையில் இருந்த துணியையே பார்த்துக்கொண்டு சொன்னேன். முதலில் துடைத்துக்கொண்டே கேட்டார். அப்புறம் கை நின்றுவிட்டது.

"எத்தன மணிக்குப் பாத்தீங்க, கறுப்ப?" என்று கேட்டார்.

"காலையில பத்தரை இருக்கும்மா."

"போன் இருந்துச்சா அங்க?"

"இருந்துச்சு."

அவர் துணியை மடித்துக் கூடை மேல் வைத்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, "அக்கா, ஆய்வுக்கூடத்துல இருந்து சார் வந்திருக்காரு" என்று கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து மாதேவி வந்தார்.

தங்கை இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? பெங்களூரில் துணிக் கம்பெனியில் இருந்தவராம், சுகுணா என்று பெயர், இரண்டு வருடத்துக்கு முன்தான் அக்காவோடு வந்து சேர்ந்திருக்கிறார். ஒரே உயரம், ஒரே உடம்பு, ஒரே குரல். யாராக இருந்தாலும் தவறியிருப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் பார்த்தேன். அக்காவுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி, தங்கைக்கு ஒரு பக்கம். அக்காவுக்குப் புருவம் நடுவில் சேர்ந்திருந்தது. தங்கைக்கு இடது கன்னத்தில் ஒரு பழைய தழும்பு. நன்றாகத் தெரிகிற வித்தியாசம்தான். ஆனால் முன்பு எப்போது பார்த்தேன் நான்? பெட்டியில் எண் ஒட்டினேன். சனிக்கிழமை அவர் குனிந்திருந்தார்.

மாதேவிக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. "சார், நீங்களா? எத்தன வருசம் ஆச்சு" என்றார். சிரித்தார். தலை நரைத்துவிட்டது உங்களுக்கு என்றார். ரிடையர் ஆகிவிட்டேன் என்றேன். அப்புறம் அவர் தங்கையிடம் திரும்பி என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"நான் சொல்லுவேன்ல, ஈ பாக்கறவரு. இவருதான். அன்னிக்கு இவரு மட்டும் வரிசைய கண்டுபுடிச்சுச் சொல்லலைன்னா தோட்டம் பூராவும் எடுக்கச் சொல்லியிருப்பாங்களாம். தலைவரே சொன்னாரு. ஏழு மரத்தோட போச்சு. நாந்தான் அப்பப் புரியாம, இன்னொரு தடவ பாருங்கன்னு போய் நின்னேன். அவ்ளோ வேலையில என்னையும் கூப்பிட்டு உக்காரவச்சு மிஷின்ல காட்டினாரு."

உட்காரவைக்கவில்லை. நின்றுதான் பார்த்தார்.

சுகுணா என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். இன்னொரு தடவை சொல்ல வேண்டியதுதான், ஐந்து நிமிடம் முன்பு சொன்ன அதே வார்த்தைகள்தான். வாயைத் திறந்தேன். "இந்த வருஷம் பூ எப்படி?" என்று கேட்டேன்.

பூ நன்றாக இருந்ததாம். ஏப்ரல் காற்றில் பிஞ்சு பாதி கொட்டிவிட்டதாம். தெற்கு வரிசை பரவாயில்லையாம். வடக்குப் பக்கம் துவரை போட்டிருக்கிறாராம், மறுபடி மாஞ்செடி வைக்கலாமா, அந்த ஈ மண்ணில் இன்னும் இருக்குமா என்று கேட்டார். ஆறு வருடமாக அந்த இடத்தில் மாஞ்செடி வைக்காமல் இருந்திருக்கிறார். இருக்காதும்மா, வைக்கலாம் என்றேன். நெசமாவா என்றார். வைக்கலாம் என்று இன்னொரு தடவை சொன்னேன். அந்த அளவுக்காவது சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். அவர் காபி போட உள்ளே போன நேரத்தில் நானும் சுகுணாவும் மட்டும் இருந்தோம். அவர் மறுபடி துணியை எடுத்துக் காயைத் துடைக்க ஆரம்பித்தார். நான் காபி குடித்தேன். நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

நான் கிளம்பும்போது மாதேவி, சும்மா போகக் கூடாது என்று பழுத்த பங்கனப்பள்ளியாகப் பார்த்து எட்டு எடுத்து, காகிதம் சுற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டார். வேண்டாம் என்றேன், விடவில்லை. அவரே கொண்டுவந்து என் வண்டியின் முன் கொக்கியில் மாட்டினார். காம்பு மேலே இருக்கட்டும், மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். அடுப்பில் பால் இருந்தது, உள்ளே போய்விட்டார்.

சுகுணா கேட்டைத் திறந்துவிட வந்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நிறுத்தி ஏறி உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் வந்து கொக்கியிலிருந்து பையை எடுத்துக்கொண்டார். உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினார்.